மெக்கானிக் கெடுத்த இன்ஜின்: பிரித்துச் சரிசெய்வதா, மாற்றிவிடுவதா?

இன்ஜினின் மேல்பகுதிக்கும் (ஹெட்) அடிப்பகுதிக்கும் (பிளாக்) நடுவில் இருக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டை மாற்றி, மெக்கானிக்கிடமிருந்து வண்டியை எடுத்து வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் தாண்டி நெரிசலில் நின்றபோது டேஷ்போர்டில் ஆயில் விளக்கு மினுக்கியது. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்தது. காலை எடுத்தால் மறுபடி மினுக்கியது. பக்கத்தில் இருந்த மாமா, "அஞ்சு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போயிட்டுப் பார்த்துக்கலாம்" என்றார். நான் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டேன். அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

வண்டி ஸ்விஃப்ட் டீசல். ஃபியட் வடிவமைத்து, மாருதி, டாடா, ஃபியட் என்று பல பெயர்ப்பலகைகளின் கீழ் ஓடிய 1248 சி.சி. மல்டிஜெட் இன்ஜின். கேஸ்கெட் வேலை பார்த்த அதே மெக்கானிக்கிடம்தான் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். பானட்டைத் திறந்து, ஸ்டார்ட் பண்ணி, காதைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்டார். "இன்ஜின் போச்சு சார். புதுப்பேட்டையில செகண்ட்ஸ் இன்ஜின் ஒண்ணு இருக்கு. 85 ஆயிரத்துல முடிச்சுத் தர்றேன்."

ஒரு நிமிடத்தில் வந்த தீர்ப்பு. இன்ஜின் எப்படிப் போச்சு, எது போச்சு என்ற கேள்வியே அங்கு எழவில்லை. முதல் வண்டி வாங்கி ஒன்றிரண்டு வருடம் ஆன நண்பர்கள் பலர் இதே இடத்தில் திகைத்து நின்று என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் போனில் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சாவியை எடுங்கள்

ஆயில் விளக்கு, ஏறும் டெம்பரேச்சர் முள், அடியிலிருந்து டொக் டொக் என்று வரும் சத்தம். இந்த மூன்றில் எது வந்தாலும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். "என்ன சத்தம்னு இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்" என்ற ஆசை எல்லாருக்கும் வரும். ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கைத் தின்கிறது. ஒரு ஜோடி பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அந்தச் சுழலும் தண்டான க்ராங்க் ஷாஃப்ட் வரை போவது இப்படித்தான். என் மைத்துனர் தன் ஆம்னி வேனைச் சத்தத்தோடு செங்கல்பட்டு வரை ஓட்டினார். பிஸ்டனை க்ராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. அதன்பிறகு அவர் எதையும் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை.

பிரிப்பதற்கு முன் காகிதமும் படமும்

வண்டியைக் கெடுத்தவரையே தனியாகப் பிரிக்க விடாதீர்கள். அவர் திருடர் என்று சொல்லவில்லை. தன் கை பிசகிய இடத்தைத் தானே காட்டிக்கொடுக்க எந்த மனிதனுக்கும் மனம் வராது. புது இன்ஜின் போட்டுவிட்டால் பழையதோடு சாட்சியும் பழைய இரும்புக்குப் போய்விடும்.

முன்பு செய்த வேலைக்கான பில், தேதி, அன்றைய கிலோமீட்டர், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். பில் தரவில்லையா? "அன்றைக்கு என்னென்ன மாற்றினீர்கள்?" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். வரும் பதிலே ஒரு ஆவணம். பிறகு வண்டியை வேறொரு ஷெட்டுக்கு இழுத்துப் போங்கள். அந்த ஷெட் பெரிய ஏ.சி. ஷோரூமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆயில் பிரஷர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், போல்ட்டை அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்ச் மூன்றையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "கை கணக்கே போதும் சார்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடம் பாருங்கள்.

ஆயில் சொல்லும் கதை

ஒரு ஸ்பேனரையும் பெரிதாகச் சுழற்றாமல் கிடைக்கும் முதல் தகவல் ஆயிலில் இருக்கிறது. சுத்தமான வெள்ளை டப்பாவில் வடிக்கச் சொல்லுங்கள். பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; கேஸ்கெட், ஹெட், பிளாக் வெடிப்பு, ஆயில் கூலர் இவற்றில் ஒன்று. டீசல் வாடையோடு தண்ணீராய் ஓடினால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

அடுத்து ஆயில் ஃபில்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் காகித மடிப்பைப் பிரித்து வெயிலில் காட்டுங்கள். வெள்ளி நிறத்தில் மினுமினுத்தால் அலுமினியம்: பிஸ்டன், அல்லது பேரிங்கின் மேல்பூச்சு. செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து அடி உலோகம் வரை போயிருக்கலாம். ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டிக்கொள்வது இரும்பு: ரிங், வால்வைத் திறக்கும் கேம், அதை ஓட்டும் டைமிங் செயின், க்ராங்க், இல்லையென்றால் சிலிண்டர் சுவர். தங்கப்பொடி தூவியதுபோல் நுண்ணிய மினுக்கத்தை வைத்தே அலற வேண்டாம். நகத்தில் சுரண்டி எடுக்கும் அளவுக்குச் செதில் செதிலாக இருந்தால்தான் கவலை.

என் வண்டியின் ஃபில்டரில் செம்பு நிறம் கொஞ்சம் இருந்தது. ஆனால் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரை இறக்கியதும் புது ஷெட்டின் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதப் பாருங்க" என்று டார்ச் அடித்தார். ஆயிலை உறிஞ்சும் குழாயின் முனையில் இருக்கும் சல்லடை வலையில், சாம்பல் நிறத்தில், புழு மாதிரி ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. விரலால் இழுத்தார், ரப்பர் போல் நீண்டு வந்தது. மூட்டுகள் கசியாமலிருக்கப் பூசும் கேஸ்கெட் பேஸ்ட்.

கேஸ்கெட் வேலைக்காக டைமிங் செயினின் கவரைக் கழற்றியபோது பழைய மெக்கானிக் சேம்பரையும் இறக்கியிருக்கிறார். திரும்ப மாட்டும்போது கசியக் கூடாதே என்று பேஸ்ட்டை ஜிலேபி பிழிவதுபோல் பிழிந்திருக்கிறார். வெளிப்பக்கம் பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். அதே அளவு உள்பக்கமும் பிதுங்கியிருக்குமே, அதை யார் துடைப்பது? அது காய்ந்து, சூட்டில் பெயர்ந்து, சல்லடையை அடைத்தது. பம்ப் நல்ல பம்ப். ஆயில் நல்ல ஆயில். உறிஞ்ச வழியில்லை.

என் இன்ஜினைக் கெடுத்தது அரை டியூப் பேஸ்ட்.

பிரிக்காமல் எடுக்க வேண்டிய அளவுகள்

ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் கட்டாயம். பெட்ரோலில் ஸ்பார்க் பிளக் துளை வழியாகவும், டீசலில் பெரும்பாலும் ஹீட்டர் பிளக் துளை வழியாகவும் கேஜை மாட்டி, செல்ஃப் அடித்துப் பார்ப்பார்கள். ஆனால் ஆயில் ஓட்டம் இல்லை என்ற சந்தேகம் இருந்தால் அதைச் சரிசெய்து புது ஆயில் ஊற்றிய பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். ஆரோக்கியமான பெட்ரோல் இன்ஜின் பொதுவாக 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை காட்டும், டீசல் 300-ஐத் தாண்டும். சரியான எண் உங்கள் இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். எண்ணைவிட, சிலிண்டர்களுக்கிடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 10–15 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் கோளாறு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்தே குறைவாகக் காட்டினால் நடுவில் கேஸ்கெட் ஊதிவிட்டது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

குறைவாகக் காட்டும் சிலிண்டரில் கம்ப்ரஸர் காற்றை விட்டு எங்கே கசிகிறது என்று கேட்பது இன்னும் நல்ல சோதனை. ஏர் ஃபில்டர் பக்கம் உஸ்ஸென்றால் இன்லெட் வால்வு. சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது வெடிப்பு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று வருகிறதா, பிஸ்டனைச் சுற்றிய ரிங்கும், சிலிண்டரின் உள்சுவரான போரும். முதல் மூன்றும் பெரும்பாலும் ஹெட்டோடு முடியும் வேலை. நான்காவது மட்டும் கீழே இறங்கும் வேலை.

எனக்கு நான்கு சிலிண்டரும் 360-லிருந்து 375-க்குள் காட்டின. அதாவது ரிங், போர், வால்வு எல்லாம் நலம். அடிபட்டது கீழ்ப்பாதி மட்டும். "இன்ஜின் போச்சு" என்ற வார்த்தை அங்கேயே பாதியாகக் குறைந்தது.

பிரித்த பிறகு எதைப் பார்ப்பது

இன்ஜின் இறங்கி மேஜைக்கு வந்ததும் நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஒரு நாள் லீவு போட்டாலும் வீணில்லை. மூன்று தளமாக மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது: ஹெட், போர், க்ராங்க்.

ஹெட்டைப் பொறுத்தவரை, நேர்விளிம்புச் சட்டத்தை அதன் மேல் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் விட்டு வளைவைப் பார்ப்பார்கள். பல கார் ஹெட்டுகளுக்கு 0.05 மி.மீ. போன்ற மிகச் சிறிய அளவுதான் எல்லை. வளைந்திருந்தால் லேத் பட்டறையில் ஃபேஸிங் அடிக்கலாம், அதாவது முகத்தை ராவிச் சமப்படுத்தலாம். ஆனால் சில டீசல் ஹெட்டுகளை ராவவே கூடாது என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். அதைக் கேட்டுவிட்டு ராவச் சொல்லுங்கள். பயங்கரமாகச் சூடேறிய அலுமினிய ஹெட் மெத்தென்று ஆகிவிடும். வெடிப்பு இல்லை, வளைவு இல்லை, இருந்தும் போல்ட் இறுக்கம் நிற்காது. நல்ல லேத்தில் கடினத்தன்மை சோதித்துச் சொல்வார்கள்.

கேஸ்கெட் வேலையில் நடக்கும் வழக்கமான தவறுகளையும் அப்போதே தேடுங்கள். நீண்டு இறுகும் வகை ஹெட் போல்ட்டை மறுபடி போட்டிருப்பார்கள், அவை பெரும்பாலும் ஒருமுறைக்குத்தான். போல்ட் இறங்கும் துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்க, அதன் மேலேயே இறுக்கியிருப்பார்கள். திரவம் அமுங்காது, பிளாக் வெடிக்கும். பிளாக்கின் முகத்தை எமரி தாளால் தேய்த்துவிட்டு அந்தத் தூளைக் கழுவாமல் விட்டிருப்பார்கள்; அது ஆயிலோடு போய்ப் பேரிங்கை அறுக்கும். பல டீசல்களில் கேஸ்கெட் தடிமன் வாரியாக வரும். பிஸ்டன் பிளாக்கைத் தாண்டி எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்து அதற்கேற்றதை வாங்க வேண்டும். கடையில் கையில் கிடைத்ததைப் போட்டால் ஒன்று கம்ப்ரஷன் குறையும், அல்லது வால்வும் பிஸ்டனும் முத்தமிட்டுக்கொள்ளும்.

மரை போன துளைகளைப் பார்த்துப் பதற வேண்டாம். ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளைப் போட்டுச் சரிசெய்துவிடலாம். ஹெட் போல்ட் மரையாக இருந்தால் மட்டும் அதை அனுபவமுள்ள லேத்தில் கொடுங்கள்.

போரில் நகத்தை மேலும் கீழுமல்ல, குறுக்கே ஓட்டிப் பாருங்கள். கோடு கண்ணுக்குத் தெரிந்து நகத்தில் சிக்கவில்லையென்றால் பெரும்பாலும் ஹோனிங் என்ற லேசான உரசலோடு போகும். சிக்கினால் போர் போட வேண்டும், அதாவது துளையைப் பெரிதாக்க வேண்டும்; 0.25, 0.50 மி.மீ. என்று பெரிய சைஸ் பிஸ்டன் உங்கள் இன்ஜினுக்குக் கிடைக்கிறதா என்று உறுதி செய்த பிறகே பிளாக்கை லேத்துக்கு அனுப்புங்கள். போர் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

க்ராங்க்கில் பேரிங் உட்காரும் இடங்களை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். கண்ணால் பார்த்து "ஓகே" என்பது அளவாகாது. அளவு எல்லைக்குள் இருந்தால் பாலிஷ், புது ஸ்டாண்டர்ட் பேரிங். தேய்ந்திருந்தால் கிரைண்டிங், 0.25 சைஸ் பேரிங். நீலம் பாரித்திருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ க்ராங்க்கே மாற வேண்டும். எனக்கு மூன்றாவது கனெக்டிங் ராடின் அடிமுனைப் பேரிங்கில் (பிக் எண்ட்) கட்டைவிரல் நகம் அளவுக்குச் செம்பு தெரிந்தது. க்ராங்க் அளவு தப்பவில்லை. சேம்பரில் கிடந்த அந்தப் பேஸ்ட் புழுவோடு பேரிங்கையும் ஒரு டப்பாவில் போட்டு இன்றும் வைத்திருக்கிறேன்.

கணக்கு

மூன்று தளத்தில் ஒன்று மட்டும் அடிபட்டிருந்தால் பிரித்துச் சரிசெய்யுங்கள். இரண்டு அடிபட்டிருந்தால் இரண்டு பக்கமும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். மூன்றும் போயிருந்தாலோ, பிளாக்கே வெடித்திருந்தாலோ மாற்றுவதுதான் வழி. இது என் வழக்கம், சட்டமில்லை. கூடவே வண்டியின் இன்றைய சந்தை விலையை எழுதிக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு அதில் பாதியைத் தாண்டினால் மூன்றாவது வழியும் இருக்கிறது: உள்ளதை உள்ளபடி சொல்லி, ஓடாத வண்டியாகவே விற்றுவிடுவது. பிரித்துப் போட்ட வண்டியை யாரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்கள் என்பதால் இதைப் பிரிப்பதற்கு முன்பே யோசிப்பது நல்லது.

என் கணக்கு இப்படி இருந்தது. வண்டி விலை அப்போது இரண்டேகால் லட்சம். பேரிங் செட், கேஸ்கெட் செட், புது ஹெட் போல்ட், டைமிங் செயின் கிட், லேத், கூலி எல்லாம் சேர்த்து 41 ஆயிரம். செயின் எதற்கு என்று கேட்டேன். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் இயங்குகிறது. பிரஷர் இல்லாத நேரத்தில் செயின் தளர்ந்து ஆடியிருக்கும் என்றார் பெரியவர். டர்போவின் ஷாஃப்ட்டையும் ஆட்டிப் பார்த்தார். அதுவும் ஆயிலில் உயிர்வாழும் ஜீவன். நல்லவேளை, தப்பியிருந்தது.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது. இப்படிப்பட்ட வண்டிகளுக்குச் சென்னையில் எல்லாரும் போவது பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை. அங்கே போகும்போது உங்கள் மெக்கானிக்கையும் அழைத்துப் போங்கள், ஆனால் பேரம் நீங்களே பேசுங்கள்.

வெளியே கழுவிப் பளபளப்பாக்கிய இன்ஜினை நம்ப வேண்டாம். ஆயில் மூடியின் அடிப்பக்கம், ஹீட்டர் பிளக் துளை வழியே சிறு கேமரா, க்ராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்று. இவை போதாதென்றால் சேம்பரை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று நமக்குத் தெரியும். சந்துபொந்துகளில், வயர் கனெக்டருக்குள், காய்ந்த வண்டல் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

ஒரே இன்ஜின் பல கம்பெனி வண்டிகளில் இருந்தாலும் எல்லாம் அப்படியே மாட்டிக்கொள்ளாது. மவுன்ட், டர்போ, வயரிங் மாறும். பல காமன் ரெயில் டீசல்களில் இன்ஜெக்டர் மாறினால் அதன் குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வைத்து, இன்ஜினின் கணினியான இ.சி.எம்.-இல் பதிய வேண்டும். பழைய இன்ஜின் உலோகத் தூள் அரைத்துப் போயிருந்தால் பழைய ஆயில் கூலரையும் டர்போ ஆயில் பைப்பையும் புது இன்ஜினுக்கு மாட்டாதீர்கள். அதற்குள் ஒளிந்திருக்கும் தூள் இதையும் தின்றுவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இன்ஜின் நம்பர். பில்லில் அந்த நம்பர் எழுதப்பட்டிருக்க வேண்டும்; எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்ற ஆவணமும் வேண்டும். நம்பர் சுரண்டியோ மறுபடி அடித்தோ இருந்தால் அது திருட்டு வண்டியுடையதாக இருக்கலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி இன்ஜின் மாற்றத்தை ஆர்.டி.ஓ.-வில் தெரிவித்து ஆர்.சி.-யில் பதிய வேண்டும். மாற்றும் முன்பே விண்ணப்பித்துவிடுவது தலைவலி இல்லாதது. கடன் பாக்கியிருந்தால் வங்கியின் சம்மதமும் கேட்பார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிவிடுங்கள், ஆர்.சி.-யில் ஒரு நம்பர், வண்டியில் ஒரு நம்பர் என்றால் விபத்து க்ளெய்மில் வந்து நிற்கும்.

இன்ஷூரன்ஸ் இந்தச் செலவைத் தருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இயந்திரக் கோளாறும் தேய்மானமும் சாதாரண மோட்டார் பாலிசியில் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக எடுத்திருந்தால் அதன் நிபந்தனைகளை வாசித்துப் பாருங்கள்.

கெடுத்தவரிடம் கேட்பது

புது ஷெட்டில் என்ன கண்டார்கள் என்பதை அளவுகளோடு, கையெழுத்தோடு, லெட்டர் பேடில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பழைய மெக்கானிக்குக் கோபமில்லாமல் ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்டில். ஒத்துவரவில்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண். அதன்பின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

நான் அவ்வளவு தூரம் போகவில்லை. டப்பாவை எடுத்துப் போய் அவர் மேஜையில் வைத்தேன். நீண்ட நேரம் அந்தப் புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பையன் போட்டான் சார், நான் கவனிக்கல" என்றார். கேஸ்கெட் வேலைக்கு வாங்கிய கூலி 9 ஆயிரத்தை இரண்டு தவணையாகத் திருப்பித் தந்தார். மீதியைக் கேட்கும் உரிமை எனக்கு இருந்தது, கேட்கவில்லை. நீங்கள் கேட்கலாம்.

மாட்டிய பிறகு

சரிசெய்த இன்ஜினோ மாற்றியதோ, முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் மேலே ஏறும்வரை இன்ஜின் பிடிக்காமல் செல்ஃப் மட்டும் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஆயில் பிரஷரைத் தனிக் கேஜில் மாட்டி, சூடான பிறகு ஐடிலில் எவ்வளவு என்று பார்த்து பில்லின் பின்பக்கமே குறித்துக்கொள்ளுங்கள். முதல் 1,000 கிலோமீட்டர் மிதமாக ஓட்டி, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாமல், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள். என்னுடையதைப் பெரியவர் ஷெட் வாசல் வெயிலில் பிரித்துக் காட்டினார். மடிப்புக்கு மடிப்பு விரலை ஓட்டினேன். கறுப்பு ஆயிலைத் தவிர வேறெதுவும் ஒட்டவில்லை.